உப்பங்கழியில் ஓடும் உல்லாசப் படகுகளுக்குப் பதிவு எண்ணும் ஓட்டுநர் சான்றும் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
உப்பங்கழியில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் பெண்கள்,
பாலத்தடிக் குடியிருப்பு,
கிழக்குக் கடற்கரைச் சாலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: பதிவும் ஓட்டுநர் சான்றும் இல்லாமல் உப்பங்கழியில் ஓடும் தனியார் மோட்டார் படகுகளால் எங்கள் உயிருக்கும் தொழிலுக்கும் ஏற்படும் ஆபத்து – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாங்கள் கொடுத்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இடம் தாங்கள் அறியாதது அல்ல. மழைக்காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டபோது தாங்கள் நின்று பார்வையிட்ட அதே பாலத்துக்குக் கீழேதான் நாங்கள் இறால் தடவுகிறோம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று செல்போனில் செய்தியும் வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஆகவே மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் தெரிவிப்பது:

1. எங்களில் பெரும்பாலோர் இருளர். வலையோ படகோ எங்களிடம் இல்லை. நீர் வடிகிற நேரம் பார்த்துக் கழியில் இறங்கி, பறி என்கிற கூடையின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வோம். கையில் படுகிற இறாலை அப்படியே பறிக்குள் தள்ளுவோம். கழுத்தளவுத் தண்ணீரில் எங்கள் தலை மட்டும்தான் வெளியே தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மிதக்கிற தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். வாயில் பறி இருப்பதால் கத்தவும் முடியாது. கையைத் தூக்கிக் காட்டலாம் என்றால், சேற்றிலிருந்து கையை எடுப்பதற்குள் படகு வந்துவிடுகிறது.

2. சாலையோர விடுதிகள் சிலவற்றிலிருந்து ஸ்பீடு போட்டும் வாட்டர் ஸ்கூட்டரும் கழிக்குள் வருகின்றன. சனி, ஞாயிறு மாலையில் அதிகம். எங்களுக்கும் தண்ணீர் வடிகிற நேரம் அதுவாக அமைந்துவிட்டால் அன்றைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். படகு அடிக்கிற அலையில் பறி கவிழ்ந்தால் இரண்டு மணி நேரப் பாடு தண்ணீரோடு போச்சு.

3. எங்களை எல்லாவற்றையும்விட வதைப்பது இதுதான் ஐயா. எங்கள் குடியிருப்பு அக்கா ஒருவர் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு படகு அவர் மேலேயே ஏறிப் போனது. சத்தம் கேட்டு முங்கியதால் தலை தப்பியது. எஞ்சின் விசிறி இடது தோளில் பட்டு, போட்டிருந்த பழைய சட்டையோடு சேர்த்துச் சதையைக் கிழித்துவிட்டது. உப்புத் தண்ணீரும் சேறும் ஏறிய காயம், ஆறவே நாளாயிற்று. இன்றைக்கும் அவரால் அந்தக் கையை நீட்டித் தடவ முடியவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கொண்டுவருகிற இறாலைக் கூறு கட்டிக் கொடுக்கிறார்.

ஆஸ்பத்திரியில் "எந்தப் படகு?" என்று கேட்டார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில் "படகு நம்பர் என்ன, ஓட்டினது யார்?" என்றார்கள். வெள்ளைப் படகு, நீலக்கோடு என்று சொன்னோம். அங்கே ஓடுகிற பாதிப் படகு வெள்ளையும் நீலமும்தான். நம்பர் இருந்தால்தானே ஐயா சொல்ல முடியும்! எழுதாத நம்பரை எங்கே போய்ப் படிப்பது? விடுதியில் போய்க் கேட்டால், அது எங்கள் படகே இல்லை என்கிறார்கள். காயம் மட்டும்தான் இருக்கிறது, காயம் செய்த படகு எந்தக் கணக்கிலும் இல்லை.

4. சாலையில் ஓடுகிற ஷேர் ஆட்டோவுக்கு நம்பர் பிளேட், எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவருக்கு லைசென்ஸ் எல்லாம் கேட்கிறார்கள். ஒன்று குறைந்தாலும் அபராதம். கழியில் ஓடுவதற்கு ஒன்றுமே வேண்டாமா?

5. வேண்டும் என்றுதான் சட்டம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் கல்லூரிக்குப் போகிற பெண் படித்துச் சொன்னாள். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 2021இல் உள்நாட்டு நீர்க்கலன்கள் சட்டம் என்று புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். எஞ்சின் பூட்டிய கலத்துக்குப் பதிவுச் சான்று, கலம் தகுதியாக இருக்கிறதா என்று ஆய்வு செய்து கொடுக்கும் சான்று, காப்பீடு மூன்றும் வேண்டும். ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும். பதிவுக் குறியீட்டைக் கண்ணில் படும்படி கலத்தில் எழுத வேண்டும். இதைச் சொல்லி ஓர் அலுவலகத்துக்குப் போனால், "இது கடல்நீர் ஏறி இறங்குகிற இடம், எங்கள் எல்லையில் வராது" என்கிறார்கள். அவர்கள் கைகாட்டிய அலுவலகத்துக்குப் போனால், "மீன்பிடிப் படகு என்றால்தான் எங்களுக்கு" என்கிறார்கள். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல், மணல் மூடிவிட்டால் ஏரி, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் யாருக்கும் இல்லையா? இந்தக் கழி யாருடையது என்று மனு கொடுக்கிற நாங்களா தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

6. படகே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஓட்டுகிறவர்களில் சிலர் எங்கள் பிள்ளைகள்தான். இரண்டொரு நாள் பழக்கிவிட்டு ஸ்டீரிங்கைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சினை அணைத்தாலும் படகு எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்றுகூட அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாளைக்கு ஓர் உயிர் போனால் முதலாளி பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, கையில் விலங்கு எங்கள் பையனுக்குத்தான்.

7. ஏறுகிறவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தின் தானூரில் 22 பேர், பெரும்பாலும் பிள்ளைகள். அங்கே மீன்பிடிப் படகைத்தான் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். இங்கேயும் பழைய மீன்பிடிப் படகில் பெயிண்ட் அடித்து, நாலு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஆள் ஏற்றுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பாலத்தின் மேல் பத்து நிமிடம் நின்றால் தாங்களே பார்க்கலாம். முன்தகவல் கொடுக்காமல் வாருங்கள் ஐயா. சொல்லிவிட்டு வந்தால் அன்றைக்கு ஒரு படகும் ஓடாது.

ஆகவே, கழியில் ஓடும் ஒவ்வொரு உல்லாசப் படகையும் பதிவு செய்யவும், கரையிலிருந்தே படிக்கிற அளவுக்கு இரண்டு பக்கமும் நம்பர் எழுத வைக்கவும், தகுதிச் சான்று இல்லாதவர் ஓட்டுவதைத் தடுக்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். எங்கள் பையன்கள் அந்தச் சான்று பெற, பக்கத்திலேயே பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். நாங்கள் தடவுகிற இடத்தில் கம்பு நட்டுக் கொடி கட்டிக்கொள்கிறோம். கொடிக்கு உள்ளே எஞ்சின் படகு வரக்கூடாது என்று எல்லை போட்டுத் தர வேண்டும். இந்தக் கழி எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்பதையும் எழுத்தில் தெரிவித்தால், அடுத்த முறை அங்கேயே நேராகப் போவோம்.

மற்றது தாமதமானாலும் முதலில் நம்பர் எழுத வையுங்கள் ஐயா. பெயிண்டும் பிரஷ்ஷும்தானே! அடிபட்டால் அடித்தது எது என்று சொல்லவாவது ஒரு நம்பர் கொடுங்கள்.

இந்த மனுவையும் "அனுப்பப்பட்டது" என்று முடித்துவிடாமல், தாங்களே நேரில் விசாரித்து உத்தரவிடுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு: தோள் காயத்தின் புகைப்படம், ஆஸ்பத்திரிச் சீட்டு நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலத்தடிக் குடியிருப்புப் பெண்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)