சார்ஜ் வாங்கிய மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் பார்த்த கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வேலைக்கே நீயும் வந்துவிட்டாய். நேற்று போனில் உன் கிராமத்து மக்கள்தொகையை மூச்சுவிடாமல் ஒப்பித்தாயே, அது 2011 கணக்கு. அந்த வருஷம் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இப்போது பத்தாவது வரை வந்துவிட்டார்கள். 2021-இல் எடுக்க வேண்டியது கொரோனாவில் நின்றுபோய், அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஐ வைத்துத்தான். அதுவரை உனக்கு அந்தப் பழைய எண்தான். ஆபீசில் அதை எழுது, தப்பில்லை. நம்பிவிடாதே.

நான் உடையார்பாளையம் தாலுகாவை விட்டு நகரவே இல்லை. மாவட்டம்தான் என்னைத் தாண்டித் தாண்டிப் போனது. வேலைக்குச் சேரும்போது திருச்சி. 1995-இல் பெரம்பலூர். 2001-இல் அரியலூர் தனி மாவட்டம். அந்த வருஷக் கணக்கெடுப்பில் 6,95,524 பேர் என்று எண்ணி முடித்தார்கள். மறு வருஷமே மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள்! 2007-இல் மறுபடி அரியலூர். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர் என்னைக் கண்டாலே சிரிப்பார். 2011-இல் 7,54,894 பேர். நூற்றுக்கு 89 பேர் கிராமத்தில். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே நகரவாசிகள் விகிதம் மிகக் குறைந்த மாவட்டம் நம்முடையதுதான்.

அப்புறம் ஒன்று. உன் எல்லை வருவாய் கிராமம், அதாவது நிலக்கணக்குக்காக வகுத்த கிராமம். ஊராட்சி எல்லை வேறு. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகாது. பட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), சாதிச் சான்றுக்கான விசாரணை எல்லாம் உன்னிடம். தெருவிளக்கும் குடிதண்ணீரும் ஊராட்சி செயலாளரிடம். ஜனங்களுக்கு இரண்டும் ஒரே 'ஆபீஸ்'. பல்பு எரியவில்லை என்று உன்னிடம் வந்தால் துரத்தாதே, நீயே செயலாளருக்குப் போன் போட்டுக் கொடு.

பிறப்பு இறப்பு பதிவேடும் உன் கையில்தான். இதில் நான் செய்த பிழையை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. முந்திரிக்காட்டு ஓரம் ஒரு வீடு, பிரசவமும் வீட்டிலேயே. தகவல் சொல்ல யாரும் வரவில்லை. ஜமாபந்தி (வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை) வேலையில் நானும் போய்ப் பார்க்கவில்லை. சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஐந்து வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டினால் அந்த நாளில் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பிள்ளையின் அப்பா கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு அலைந்தார். என்மேல் கோபப்படவில்லை. வாசலில் நின்று, "கணக்குப்பிள்ளை ஐயா, எம்பொண்ணு பொறந்தது நெசந்தானே?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது சைக்கிளில் கடைசி வீடு வரை போய்வருவேன். யார் வாயும் வயிறுமாக இருக்கிறாள், யார் படுத்த படுக்கை, யார் திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொள்வேன். உன் கிராம உதவியாளர் அந்த ஊரிலேயே பிறந்தவர் என்றாயே, முதல் நடை அவரோடு போ. அவரை 'அண்ணே' என்றே கூப்பிடு.

அம்மா முந்திரிப்பருப்பு வறுத்து வைத்திருக்கிறாள். அந்த நோட்டையும் தேடி எடுத்துவிட்டேன், இரண்டையும் ஒரே பார்சலில் அனுப்புகிறேன். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா