தூணைப் பார்த்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

துருக்கி நிலநடுக்கம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2023 பிப்ரவரி 6, அங்கே விடிகாலை 4.17. நமக்கு 6.47, பால் காய்ச்சுகிற நேரம். துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், பலர் தூக்கத்திலேயே.

கட்டுரை இரண்டே வரியில் கடந்துபோன ஒரு விஷயம் என்னை விடவில்லை. 2018-ல், தேர்தலுக்குச் சற்று முன், விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அரசு அங்கீகாரம் கொடுத்தது. நிலநடுக்கத்தை அது தாங்குமா என்பது உரிமையாளர் பாடு என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் இதற்கு வரன்முறை என்று பெயர். 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு ஒரு முறை, அப்புறம் 2007 ஜூலை வரை கட்டியவற்றுக்கு இன்னொரு முறை.

நிலநடுக்கத்தில் சிக்கிய துருக்கியின் ஹதாய் மாகாணத்திலேயே எர்சின் என்ற ஊரில் ஒரு கட்டடமும் விழவில்லை. பாறை நிலம் காப்பாற்றியதா, விதிமீறலுக்கு இடம் கொடுக்காத நகராட்சி காப்பாற்றியதா என்று பேசினார்கள். இரண்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

சென்னையில் ஏது பூகம்பம் என்பார்கள். 2002-லேயே நம்மை இரண்டாம் நில அதிர்வு மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாவதுக்கு மாற்றிவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் பூமி அதிர, இங்கே என் அடுக்களை அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. எல்லோரும் கீழே இறங்கி நின்றோம், கொஞ்ச நேரம் பேசினோம், மேலே போய்க் காபி குடித்தோம். ஒன்பது மணி வாக்கில் கடல் ஊருக்குள் வந்தது. பூகம்பம்கூட வேண்டாம், 2014-ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மழை நாளில் சரிந்து 61 உயிர்கள் போயின.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் அடுக்ககத்தில் தரைத்தள வீட்டுக்காரர் ஹாலைப் பெரிதாக்க ஒரு தூணை லேசாகச் செதுக்கிக்கொள்ள அனுமதி கேட்கிறார். "ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறார் மேஸ்திரி. துருக்கியிலும் கீழே கடை வைக்கத் தூண்களை வெட்டியதாகச் செய்திகள் வந்தன. தூணைச் செதுக்கக் கேட்கும் அந்த வீட்டுக்காரத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை வருஷம் நின்ற வீடு இனியும் நிற்கும் என்று நம்பித்தானே நானும் பிள்ளைகளை வளர்த்தேன்? 2015 டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அன்றுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

உங்கள் நிருபர்கள் ஒன்றை விசாரித்து எழுத வேண்டும். வரன்முறை செய்த கட்டடங்களில் எத்தனைக்குப் பொறியாளர் நேரில் வந்து தூணையும் அடித்தளத்தையும் பார்த்தார்? வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கிறேன், அங்கே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அந்தத் தூணைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகி,
சென்னை.