நாலேகால் மணிக்குப் பிறகு நோய்ப்படும் நாய்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் கால்நடை சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கும் கால்நடை வைத்தியர்களுக்கும்,

வணக்கம். நான் நகரத்தில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். மனிதருக்கு மருந்து விற்கும் கடைதான். ஆனால் அரச அலுவலகங்கள் நாலேகாலுக்குப் பூட்டிய பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மிருக வைத்தியசாலையாக மாறத் தொடங்கும். "மனே, நாய்க்குட்டி விடிய இருந்து சத்தியெடுக்குது, வயித்தால போறதுக்கு ஒரு குளிசை தா" என்று ஒருவர் வருவார். அடுத்தவர் போனில் படம் காட்டுவார்: முகம் பலாக்காய்போல வீங்கிய ஒரு நாய், வாடியில் பாம்பு கடித்ததாம். பூனைக்குக் காய்ச்சல், பனடோல் எத்தனை கொடுக்கலாம் என்று கேட்கிற பிள்ளையும் வரும்.

அந்தப் பிள்ளைக்காவது பதில் சொல்ல முடிகிறது: அரைக் குளிசைகூட வேண்டாம். பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு இல்லை. முரசு மண்ணிறமாகி, மூச்சு வாங்கி, ஒரே குளிசையில் செத்துப்போகும். நாய்க்கு ஐபுபுறூபன் கொடுத்தாலும் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும், சிறுநீரகமும் கெடும். விற்கக் கூடாததை விற்காமல் இருக்க எங்களால் முடியும். ஆனால் கொடுக்க வேண்டியது எது என்று சொல்வது எங்கள் வேலையல்ல, அதற்கு நாங்கள் படிக்கவும் இல்லை. அதைப் படித்தவர்கள் நீங்கள். இரவில் உங்களை எங்கே பிடிப்பது என்பதுதான் இந்த மடலின் ஒரே விஷயம்.

மனிதருக்கு ஏதும் என்றால் 1990 ஐ அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. அதுபோல வண்டி வேண்டும் என்று கேட்கவில்லை. புதுக் கட்டடமும் கேட்கவில்லை. (கட்டடம் கேட்டால் அடிக்கல் நாட்டுவார்கள், படம் எடுப்பார்கள், அப்புறம் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.) கேட்பது ஒரு தொலைபேசி இலக்கமும், அதன் மறுமுனையில் முறை வைத்து ஒரு வைத்தியரும்.

இந்த மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பிரிவுக்கு ஒரு வைத்தியர் என்று வைத்தால், ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு ஒரு இரவுதான் முறை வரும். எல்லாப் பதவியும் எப்போதும் நிரம்பியிருக்காது, லீவும் இருக்கும். சரி, பத்து நாளுக்கு ஒரு இரவு என்றே வைப்போம். அந்த இரவுக்கு மேலதிகப் படி கொடுக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. பகல் முழுக்க மாட்டுப் பட்டிகளில் சினைப்படுத்தலும் தடுப்பூசியுமாக அலைகிறவரை இரவில் சும்மா வேலை வாங்குவது நியாயமில்லை. ஆட்களும் இலவசம் எதிர்பார்க்கவில்லை. ஓட்டோ பிடித்து, கடை கடையாய் ஏறி, பிழையான மருந்துக்குச் செலவழிக்கிற காசை ஒரு சரியான ஆளிடம் கொடுக்கத்தான் தேடுகிறார்கள்.

வருகிற அழைப்பு எல்லாவற்றுக்கும் வைத்தியர் எழும்பி ஓட வேண்டியதில்லை. முதலில் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் போனை எடுக்கலாம். உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், முரசு எப்படி வெளிறியிருக்கிறது, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போகிறதா என்று கேட்டுவிட்டு, விடிந்ததும் கொண்டுவாருங்கள், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசிப் பார்க்கலாம் என்று சொல்லலாம். பார்க்காமல் மருந்து கொடுக்க முடியாத நோய் அது. உண்ணி பரப்பும் கிருமிகளில் எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் பபீசியாவுக்குப் போதாது. ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் போன வருடம் அடுத்த வீட்டு நாய் சுகமான மருந்துச் சரையையே கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

விடியும்வரை பொறுக்க முடியாதவை வேறு. பாவோ வைரஸ் வந்த குட்டியைச் சொல்கிறேன். அது வந்தால் சத்தி, பிறகு இரத்தம் கலந்த வயிற்றோட்டம், அந்த நாற்றத்தை ஒருமுறை மணந்தவர் மறக்கமாட்டார். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர் வற்றிப்போவதுதான். வாயால் ஊற்றுகிற ஜீவனியை அது அப்படியே கக்கிவிடும். சேலைன் ஏற்ற வேண்டும், அதையும் நேரத்தோடு ஏற்ற வேண்டும். வெள்ளி பின்னேரம் தொடங்கிய வயிற்றோட்டம் திங்கள் காலை அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்குமா? அந்தக் கிருமி முற்றத்து மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்பதையும், இரண்டு மாதத்துக் குட்டிக்குத் தொடங்கி நாலு மாதம்வரை மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் ஊசி போட வேண்டும் என்பதையும் குட்டி வளர்க்கிறவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் குட்டி செத்த அதே வாசலில் அடுத்த மாதம் புதுக் குட்டியைக் கட்டுகிறார்கள்.

வெள்ளாமைக் காலத்தில் நஞ்சும் பாம்பும். பூச்சிநாசினியை நக்கிய நாய்க்கு வாயால் நுரை வழியும், உடம்பு உதறும். வீட்டார் வாயைப் பிளந்து உப்புத் தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ ஊற்றுவார்கள். உதறுகிற நாய்க்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். இங்கே தேவை அந்த நஞ்சுக்கு மாற்று மருந்தான அற்றோப்பின், அதை ஏற்றத் தெரிந்த கை. எலிப் பாசாணம் இதற்கு நேர்மாறு: தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டு திரியும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மூக்காலும் முரசாலும் இரத்தம் வரும். முதல் நாளே விற்றமின் கே தொடங்கினால் பிழைக்கும். "வெறும் பெட்டியை எறியாமல் கையோடு கொண்டுவாருங்கள்" என்று போனில் சொல்ல ஒரு ஆள் இருந்தாலே போதும். புடையன் கடித்தால் நாய்க்கும் இரத்தம் உறையாது. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேட்டால் கீறுவது எல்லாம் இன்னும் நடக்கிறது.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்கு நகரம் தூரமில்லை. முன்பு ஓடப்பாதைக்குக் காத்து நின்ற இடத்தை இப்போது ஓட்டோவில் கடந்து வந்துவிடுகிறார்கள். வந்து எந்தக் கதவைத் தட்டுவது என்றுதான் தெரியவில்லை. சத்திரசிகிச்சை வரை போக வேண்டியது என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையைச் சொல்வார்கள். செங்கலடியில் திரும்பி மலை ஏறி இரவோடு இரவாக அங்கே போய்ச் சேர எத்தனை பேரால் முடியும்? குட்டி ஈன முடியாமல் முக்கிக்கொண்டிருக்கிற நாய் அவ்வளவு நேரம் தாங்குமா?

நாய்ப் பிரியர்களின் கவலைதானே இது என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். விசர்நாய்க்கடிக்கென்று 1893 இலேயே கட்டளைச்சட்டம் போட்ட நாடு இது. ஒரு நாய் பிள்ளையைக் கடித்தால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். நாயை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் பிழைக்கிறது. அடித்துக் கொன்று புதைத்துவிடுகிறார்கள். கட்டி வைத்து 14 நாள் பார்த்திருந்தால், அல்லது செத்த நாயின் தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பியிருந்தால், வீட்டார் விஷயம் தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. இரவில் ஒருவர் போனில் "அடிக்காதீர்கள், தொடாதீர்கள், கூட்டில் விட்டுப் பூட்டுங்கள், காலையில் வருகிறோம்" என்று சொன்னால் இதில் பாதி சரியாகும்.

மாரி வெள்ளத்துக்கு முன்பு இது தொடங்கினால் நல்லது. இடம்பெயரும்போது சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் போகச் சொல்வதும், தண்ணீர் வடிந்த பிறகு நாய்க்கு வரும் எலிக்காய்ச்சலை அடையாளம் சொல்வதும் அதே இலக்கத்தால் ஆகக்கூடிய வேலைகள்.

முழு மாவட்டத்துக்கும் ஒரே நாளில் முடியாது என்றால் மண்முனை வடக்கிலும் ஏறாவூர்ப்பற்றிலும் மட்டும் ஆறு மாதம் செய்து பாருங்கள். வந்த அழைப்புகளை ஒரு கொப்பியில் பதியுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, என்ன நோய், பிழைத்ததா என்ற மூன்று விவரம் போதும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கு விஞ்ஞானத் துறை இருக்கிறது. அந்தக் கொப்பியைப் படித்துக் கணக்கெடுக்க அங்கே மாணவர்கள் கிடைப்பார்கள். ஆறு மாதத்தில் யாரும் அழைக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், நான் திரும்ப எழுதமாட்டேன்.

இலக்கத்தை அச்சடித்துப் பாமசிகளிலும் கிராம சேவகர் அலுவலகங்களிலும் ஒட்டுகிற செலவை எங்களைப் போன்ற கடைகளிடம் கேட்கலாம். எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு நகரப் பாமசி ஊழியர் ஒருவர்