தோல் கறுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி பெரும்பாலும் தொண்டை வலியோடு போய்விடும். அதுவே தசையுறைக்குள் புகுந்து நெக்ரோடைசிங் ஃபேஷியைடிஸ் (தசையுறை செத்து அழுகும் நோய்) ஆனால் ஐந்தில் ஒருவர்வரை இறக்கிறார்கள். நச்சு அதிர்ச்சி (கிருமியின் நஞ்சால் ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் செயலிழப்பது) வந்துவிட்டால் பத்தில் மூன்று பேர், சில இடங்களில் அதற்கும் மேல். இத்தனைக்கும் பென்சிலினுக்கு அடங்காத ஏ பிரிவுக் கிருமி நோயாளிகளிடம் பரவியதாக இன்றுவரை தெரியவில்லை. மருந்து கைவசம் இருந்தும் ஆட்களை இழப்பது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் நேரும் தாமதத்தால்தான்.

முதலில் வருவது வலி. கால் தாங்க முடியாமல் வலிக்கும். தோலில் ஒன்றும் தெரியாது. கூடவே காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஃபுளூ, ஃபுட் பாய்சன் என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கருஞ்சிவப்பும் கொப்புளமும் தெரியும்போது உள்ளே திசு செத்திருக்கும். நரம்பும் செத்தால் வலி திடீரென்று குறையும். அதைக் குணம் என்று எடுத்துக்கொள்வதுதான் மிக மோசமான தவறு. வெள்ளணு எண்ணிக்கை சாதாரணமாக இருக்கலாம்; முதிராத அணுக்கள், லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாததைக் காட்டும்), கிரியேட்டினின் (சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும்), சிகே (தசைச் சிதைவைக் காட்டும்) ஆகியவற்றைப் பாருங்கள். அம்மை இறங்கிய பிறகு மறுபடி காய்ச்சல் வரும் குழந்தை, பிரசவமாகி சில வாரங்களுக்குள் அடிவயிறு வலிக்கும் தாய், இவர்களை மூத்த மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ரத்தக் கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரத்தம் எடுத்த கையோடு ஊசி போட வேண்டும். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிருமி எது என்று தெரியாதவரை பைபராசிலின்-டாசோபாக்டம், வான்கோமைசின், கிளிண்டாமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள் சேர்த்து. ஏ பிரிவு என்று உறுதியானால் பெரியவர்களுக்குப் பென்சிலின் ஜி 40 லட்சம் யூனிட் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை (சிறுநீரகம் பழுதானால் குறைத்து), கிளிண்டாமைசின் 900 மி.கி. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டும் ரத்தக்குழாய் (சிரை) வழியாக. இரண்டு மருந்து எதற்கு என்று பில் பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. பென்சிலின் பெருகும் கிருமியைத்தான் கொல்லும். கூட்டம் நெருங்கியதும் கிருமி பெருகுவதை நிறுத்திவிடும். அப்போதும் நஞ்சு உற்பத்தியைத் தடுப்பது கிளிண்டாமைசின். அதற்கு அடங்காத ரகங்கள் உண்டு என்பதால் அதை மட்டும் தனியாகக் கொடுக்கவும் கூடாது.

மருந்தால் செத்த திசுவுக்குள் போக முடியாது, அங்கே ரத்த ஓட்டமே இல்லை. அதனால் கத்திதான் வழி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போட்டால் நோயாளியை இழப்போம். சந்தேகமா? மரப்பு ஊசி போட்டு 2 செ.மீ. கீறி, தசையுறைவரை விரலை விடுங்கள். ரத்தம் கசியாமல், சாம்பல் நிறத்தில் தண்ணீராக நீர் வந்து, விரல் தடையில்லாமல் வழுக்கிப் போனால் நேரே அறுவை அரங்குக்கு. 24 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து பார்க்கும் நேரத்தையும் அப்போதே குறித்துவிட வேண்டும். ஒரே அறுவையில் முடிவது அபூர்வம்.

எங்கள் கோரிக்கை மூன்று. வரவேற்புப் பரிசோதனைப் படிவத்தில் 'காயத்துக்குப் பொருந்தாத வலி' என்ற வரி. அந்த வரியில் டிக் விழுந்தால், ஸ்கேன் அறிக்கை இல்லாமலே இரவிலும் அறுவை நிபுணரை அழைக்கும் அதிகாரம் டியூட்டி டாக்டருக்கு. கிளிண்டாமைசின் ஊசி மருந்துக் கிடங்கில் பூட்டியிராமல் அவசரப் பிரிவு அலமாரியிலேயே.

இப்படிக்கு,
தொற்றுநோய், அறுவை, தீவிர சிகிச்சை மருத்துவர்கள்