ஊர் விவசாயிகள் சங்கம்: 2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. ஜூன் 12 மேட்டூர் திறந்து, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று நெல்லும் பூவும் தூவினோம். கொள்முதல் நிலையத்துக்குக் கூடுதல் தார்ப்பாய் கேட்டு மனுக் கொடுத்தோம், கொஞ்சம் கிடைத்தது.

மற்றபடி ஆண்டு முழுக்க, நிலம் வைத்திருக்கிற விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் தருகிற பி.எம். கிசான் திட்டத்து வேலைதான். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 24, ஆகஸ்ட் 2, நவம்பர் 19 என்று மூன்று தவணை, ஒவ்வொன்றிலும் தலைக்கு 2,000 ரூபாய் வந்தது. நவம்பர் தவணையை நம் கோயம்புத்தூரில் வைத்தே விடுவித்தார்கள். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் மறுநாள் காலை என் வீட்டுத் திண்ணையில் "எனக்கு ஏறலையே" என்று ஆட்கள் நிற்பார்கள். ஒருவருக்கு இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியான ஆள் சரிபார்ப்பு, முடிந்திருக்காது. இன்னொருவருக்கு ஆதார் வேறு வங்கியோடு இணைந்து, பணம் அந்த மறந்துபோன கணக்கில் கிடக்கும். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்குப் பணம் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை.

கீழத்தெரு அக்கா ஒருவருக்கு நாற்று நட்டு நட்டு விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. இ-சேவை மையத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் செல்போன் செயலியில் முகத்தைக் காட்டி முடித்தோம். பணம் ஏறிய அன்று அவர் சொன்ன "நல்லா இருப்பா தம்பி" ஒன்றே எனக்குப் போதும். ஜெராக்ஸுக்கும் பஸ்ஸுக்கும் என் கைக்காசு போனதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

2020-இல் விவசாயிகளே அல்லாத லட்சக்கணக்கானோரை இத்திட்டத்தில் சேர்த்த முறைகேடு தமிழ்நாட்டில் வெளியானது. யாரோ செய்த தப்புக்கு இன்றுவரை காகிதத்தோடு அலைவது நாம்தான்.

என் வருத்தம் வேறு. நம்மில் பலர் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர்கள். பட்டா கோயில் பெயரில் இருப்பதால், உழுகிறவருக்கு இத்திட்டத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அவர்களுக்காக மனுக் கொடுக்கப் போன அன்று என்னோடு வந்தவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே குத்தகைக்காரர்கள். தவணை வாங்குகிறவர்கள் ஒருவரும் வரவில்லை. தமக்கு வந்துவிட்டால் சங்கத்தின் வேலை முடிந்தது என்று நினைப்பது சரியில்லை.

சந்தாவும் அப்படித்தான். மாதம் 20 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. கேட்டால் "அறுப்பு முடியட்டும்" என்கிறார்கள். குறுவை அறுப்பு முடிந்து சம்பாவும் கதிர் வந்துவிட்டது.

வரவு செலவைப் பொருளாளர் எழுதி வைத்திருக்கிறார், கையிருப்பு சொற்பம். விரும்புகிறவர்கள் நோட்டைப் பார்க்கலாம். கூட்டத்துக்கு இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும், ஒத்துழைத்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராகத் தொடர்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கண் முன்போல் தெரியவில்லை. செயலி தெரிந்த ஒரு பிள்ளை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தால், அப்புறம் குத்தகைக்காரர் மனுவுக்கு இருபது பேராவது கூட வந்தால், தொடர்கிறேன். சந்தா நோட்டு மேசை மேல் இருக்கிறது.