கணவர் கையெழுத்து என்ற வரி

அன்புள்ள தங்கச்சி,

உன் பெயர், ஊர், வருடம் எதுவும் இங்கே வராது. சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். தங்கச்சி முறையில் எனக்கு ஏழு பேர் இருப்பதால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் கருக்கலைப்புக்கு வரும் பெண்கள் நிரப்பும் படிவத்தில் இருந்த ‘கணவர் கையெழுத்து’ என்ற வரியை இந்த வாரம் எடுத்துவிட்டோம்.

நீ கருவைக் கலைக்க வந்த அன்றைக்கு, “அவர் கையெழுத்தையும் நானே போட்டுடவா அக்கா?” என்று கேட்டாய். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு உன்னைத் திருப்பி அனுப்பினேன்.

1971-ஆம் வருடக் கருக்கலைப்புச் சட்டம் கேட்பது ஒரே சம்மதம். 18 வயது நிறைந்த பெண் என்றால் படிவம் ‘சி’ என்ற சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து போதும். மைனர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால்தான் காப்பாளர். கணவர் அதில் எங்குமே இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். நாளை அவர் வாசலில் வந்து சத்தம் போடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை மறைத்து, “ஒரு உயிர் விஷயம், ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க” என்று உனக்கு நியாயம் சொன்னேன். உயிர் என்ற கேள்வி பொய்யில்லை. ஸ்கேனில் துடிப்பைப் பார்க்கிற எனக்கும் அது உறுத்தும். ஆனால் அதைச் சுமக்கப்போகிறவள் நீ. முடிவும் உன்னுடையது. மன்னித்துவிடு.

ஆனாலும் ஒரு போன் போட்டிருக்கலாம் நீ! கருக்கலைப்பு மாத்திரையை மெடிக்கலில் வாங்கி விழுங்கும் அளவுக்கு நான் அந்நியமா? மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், 24 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு, அதுவும் ஒன்பது வாரம் வரைதான். கடைக்காரர் வாரக்கணக்கு கேட்டாரா? கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. வலியும் உதிரமும் மாத்திரையால்தான் என்று நினைத்துப் படுத்திருக்கும்போதே குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டும். கருப்பைக்குள்ளேயே இருந்தாலும் மிச்சம் தங்கிவிட்டால் காய்ச்சல் வரும், கெட்ட வாடை வரும். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்பவேண்டும். இதைச் சொல்ல உன் பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்தது நான்தான்.

அந்த ஆறு நாளைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

இப்போது முதலில் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகிறோம். கூட வந்தவர்கள் வெளியே பெஞ்சில் இருப்பார்கள். விவரத்தை வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை என்று சட்டமே சொல்கிறது. உன் வீட்டுக்காரர் என்றைக்குக் கேட்டாலும் என் வாயிலிருந்து வராது. சட்டம் இல்லாவிட்டாலும் வராது.

நேற்றும் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

அக்கா