வெண்டிங் மெஷினா பொறந்தவன விட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல ஜப்பான் இசெகாய் கதைங்கள, அதாவது செத்தவன் வேற உலகத்துக்கு போற கதைங்கள பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. லாரில அடிபட்டு சாவான், வேற உலகத்துல பொறப்பான், மறுநாளே பெரிய வீரன் ஆயிடுவான், எல்லாம் ஒரே அச்சுனு முடிச்சிட்டாரு எழுதினவரு. பாதி உண்மைதான், நான் சண்டைக்கு வரல. 2004ல ஆரம்பிச்ச ஷோசெத்சுகா நி நரோங்கற சைட்ல யாரு வேணா காசு இல்லாம கதை எழுதி போடலாம், அப்படி போட்டது மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு, தலைப்ப பாத்துதான் ஆளு உள்ளயே வரும்ங்கறதால தலைப்பே ரெண்டு வரிக்கு ஓடும், கதையில முக்கால்வாசி குப்பை. என் பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா, அவளே அப்படித்தான் சொல்றா, சொல்லிட்டு அடுத்த எபிசோட போடுவா, அது வேற விஷயம்.

ஆனா இதுல காமெடினு ஒரு தனி கிளை இருக்குங்க, அத கட்டுரையில தொடவே இல்ல. அந்த லாரி கதைய மொதல்ல கிண்டல் பண்றதே இவங்கதான். கோனோசுபாங்கற கதையில கசுமானு ஒரு பையன், லாரி வருதுனு நெனச்சு ஒரு பொண்ண தள்ளிவிட்டு காப்பாத்துறான், செத்து மேல போனா அங்க இருக்குற தேவதை விழுந்து விழுந்து சிரிக்குது, ஏன்னா வந்தது லாரியே இல்ல மெதுவா ஊர்ந்து வந்த டிராக்டர், அது அந்த பொண்ணு மேல மோதியே இருக்காது, இவன் பயத்துலயே போயிட்டான். புத்தகம் 2013, அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், 2016. கடுப்பாகி அந்த தேவதையவே கூட இழுத்துட்டு போயிடுறான், அது தண்டம்னு போனப்பறம்தான் தெரியுது.

இப்ப நான் சொல்ல வந்த ஆளுக்கு வரேன். வெண்டிங் மெஷினா பொறந்தவன் கதை, ஹிருகுமானு ஒருத்தரு எழுதினது, 2016ல புத்தகமாச்சு, 2023ல அனிமே, ரெண்டாவது சீசன் 2025. ஹீரோவுக்கு வெண்டிங் மெஷின்னா, அதான் காசு போட்டா கூல்டிரிங்க்ஸ் மாதிரி சரக்கு தள்ளுமே அந்த பெட்டின்னா, உயிரு. லாரில ஏத்திட்டு போற மெஷின் ஒண்ணு சரிஞ்சு விழுது, வேற எவனா இருந்தாலும் ஒதுங்குவான், இவன் அது ஒடஞ்சிடக்கூடாதேனு தாங்கப் போயி நசுங்கி செத்துப்போறான். கண்ண தொறந்தா வேற உலகத்துல ஒரு ஏரிக்கரைல வெண்டிங் மெஷினா நிக்கிறான். கை இல்ல, கால் இல்ல. காசு போட்டா பாயிண்டா மாறும், நேரம் ஆக ஆக பாயிண்ட் கொறையும், தீந்துட்டா கதை முடிஞ்சுது, அதனால உயிரோட இருக்கணும்னா வியாபாரம் பண்ணியே ஆகணும். அதுலயும் போன ஜென்மத்துல மெஷின்ல இவன் வாங்கின சரக்கு மட்டும்தான் இப்ப விக்க முடியும். இந்த ரூல யோசிச்ச ஆளுக்கு கைய குடுக்கணும் சார்.

பேச்சுதான் உச்சம். ஜப்பான்ல பேசுற மெஷின் நெஜமாவே இருக்கு, நம்பர் சுத்தி பரிசு விழுந்தா இன்னொரு டின் ஓசி குடுக்கறதும் உண்டு. அதுல பதிவு பண்ணி வெச்சிருக்குற வாசகம் மட்டும்தான் இவன் வாயில வரும். வாங்க வாங்க, காசை போடுங்க, மிக்க நன்றி, பரிசு விழுந்தா இன்னொண்ணு, அய்யோ இந்த தடவை இல்ல, இந்த மாதிரி ஒரு கைப்பிடி. மனசுக்குள்ள பக்கம் பக்கமா பேசுறான், வெளிய வர்றது இவ்வளவுதான். பசியில வர்ற லம்மிஸ்ங்கற பொண்ணு கொஞ்ச கொஞ்சமா புரிஞ்சுக்கறா, வாங்க வாங்கனு சொன்னா ஆமா, அய்யோ இந்த தடவை இல்லனு சொன்னா இல்ல. அப்பறம் அந்த பொண்ணு, அபார பலம் உள்ளவ, மெஷின அப்படியே முதுகுல கட்டிட்டு ஊர் ஊரா போறா. ஒரு பொண்ணு முதுகுல வெண்டிங் மெஷின் ஆடி ஆடி போறத பாத்துட்டு சிரிக்காம இருக்க முடியல, ஆனா ராத்திரி குளுருல சூடா சூப் டின் ஒண்ணு டொக்குனு கீழ விழுற சத்தம் கேட்டப்போ எனக்கு ஏதோ பண்ணிருச்சு.

ஏன்னா நான் ஒரு ஆபீஸ்ல தபால் செக்‌ஷன்ல 22 வருஷமா உக்காந்திருக்கேன். என் வாயில வர்றதும் நாலு வாசகம்தான். மேல அனுப்பியாச்சு, சார் லீவு, நகல் வெச்சு குடுங்க, அடுத்த வாரம் வாங்க. எதிர்ல நிக்கிற பெரியவருக்கு உள்ள என்னென்னமோ சொல்லணும்னு இருக்கும், வர்றது அடுத்த வாரம் வாங்க. என் பொண்ணு அத கவனிச்சுட்டா, அன்னையிலேர்ந்து வீட்டுல எனக்கு மெஷின்னு பேரு.

அரசு ஊழியருக்கே ஒரு கதை இருக்கு, அதையும் சொல்லிடறேன். 52 வயசு ஜப்பான் கவர்மெண்ட் ஆபீஸர், தன் மக ஆடுற கேம்ல வர்ற திமிர் புடிச்ச வில்லிப் பொண்ணா பொறந்துடறாரு, உவேயாமா மிச்சிரோ வரைஞ்ச மாங்கா, அதாவது ஜப்பான் படக்கதை, 2025 ஜனவரில அனிமே வந்துச்சு. ஆபீஸ் பழக்கத்துல இவர் இடுப்ப வளைச்சு கும்புடு போட்டா அது தானா ராஜகுமாரி வணக்கமா மாறிடும். அந்த கேம்ல வர்ற ஹீரோயின கொடுமை பண்றது இவர் வேலை, பண்ணலாம்னுதான் போறாரு, ஆனா பெத்த மனசு விடல, இவ்வளவு நல்லா வளத்திருக்காங்களே உன் அப்பா அம்மானு பாராட்டிட்டு வந்துடறாரு, அந்த பொண்ணு இவர் மேல உசுரையே வெச்சிடுது. ஸ்லைமா, அதாவது கொழகொழனு ஜெல்லி மாதிரி ஒரு ஜந்துவா பொறந்தவன் கதையில கூட எனக்கு புடிச்சது அவன் ராஜாங்கம் பண்றது இல்லீங்க, 37 வயசுல கத்திக்குத்து பட்டு சாகறப்போ, என் கம்ப்யூட்டர மட்டும் அழிச்சிடுடானு ஜூனியர்கிட்ட கெஞ்சுறான் பாருங்க, அந்த எடம்தான்.

சக்தி கெடச்சு ஜெயிக்கிற கதைய நீங்க எவ்வளவு வேணா திட்டுங்க சார், நானும் கூட சேந்து திட்டறேன். கைய கால கட்டிப்போட்டு, பழைய வேலை புத்தி மட்டும் ஒட்டிக்கிட்டு திரியற இந்த ஆளுங்கள அதே மூட்டைல போட்டு கட்டாதீங்க. கட்டுரை எழுதினவரு வெண்டிங் மெஷின் கதையில மொத மூணு எபிசோடாவது பாத்துட்டு இன்னொரு தடவ எழுதட்டும். ஜப்பானிய குரல்லயே பாக்க சொல்லுங்க, டப்பிங்ல அந்த வாசகங்களோட கடை தொனி போயிடுது.

போன வாரம் பொண்ணு வந்து, அப்பா போனுக்கு ரீசார்ஜ் பண்ணி விடுன்னா. அய்யோ, இந்த தடவை இல்லன்னேன். ஒரு நிமிஷம் மொறச்சுட்டு உள்ள போனவ, ஒரு அஞ்சு ரூவா காசு எடுத்துட்டு வந்து என் சட்டை பாக்கெட்ல போட்டுட்டு எதிர்லயே நிக்கிறா. பண்ணி விட்டுட்டேன் சார்.

இப்படிக்கு,
தபால் செக்‌ஷன் வாசகர்,
விழுப்புரம்